ஏழாவது திருத்தம்

மே இருபத்தொன்று. கோட்டூருக்கு வடக்கே
தரிசில் நிற்கிற ஆறு மீட்டர் டிஷ்.
மேலே ஏறி ஊட்டுக்கொம்பின் மூடியைக் கழற்றினேன்.
உள்ளே குளவி மண்கூடு வைத்திருந்தது
எங்கள் அலைக்கு அளந்து கட்டியதுபோல்
சரியாகக் கால் அலைநீளம், ஐந்து சென்டிமீட்டர்.
"எத்தனை நாளாக இதன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்?"
கீழேயிருந்து நீலாயதாட்சி.
கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பதில் தெரியாத கேள்விகளை அங்கேதான் வைப்பேன்.

பழைய ஏற்பியின் இரைச்சல் நூற்றெண்பது கெல்வின்.
அதாவது, விண்மீன்களுக்கு நடுவே
ஹைட்ரஜன் ஒரு சொல் முணுமுணுத்தால்
நம் காதே குறுக்கே நூறு சொல் பேசும்.
புதியது நாற்பத்திரண்டு.
டிபன் டப்பா அளவு அலுமினியப் பெட்டி.
அதன் வடிகட்டியைத் திருச்சிப் பட்டறைக்கு
மூன்று முறை திருப்பி அனுப்பினோம்.
அந்தோணிராசு போனில் கேட்டார்,
"ஒரு முடி கனத்துக்கா சார் இத்தனை பேச்சு?"
ஆமாம். ஒரு முடி கனத்துக்குத்தான்.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்
பதினாறு ரிலே, ஒன்பது பல்லி முட்டை,
கதவின் உட்புறம் பால்பாயிண்ட் பேனாவில் யாரோ:
'மேற்கே திருப்பினால் 2 கூட்டவும்.'
கையெழுத்து என்னுடையது.
பதினோரு வருடம் கூட்டியிருக்கிறேன்.

மெஹருன்னிசா கூத்தாநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள்.
ரிலேக்களைப் பிடுங்கினாள், கோணமானிகள் பொருத்தினாள்,
நாலாயிரம் வரி நிரல் எழுதினாள்.
"இனிமேல் நீங்கள் எதையும் கூட்டக்கூடாது."
சரி என்றேன். விரல்தான் கொஞ்ச நாள்
2 இருக்கிற பக்கமே போய்வந்தது.

ஜூன் நான்கில் அளவை தொடங்கினோம்.
வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து
கதிரறுக்கும் எந்திரம்போல்
கோடி வரை போய், திரும்பி, அடுத்த பட்டை.
தினம் உச்சிவேளையில் சூரியனைக் குறிபார்த்து ஒரு சோதனை.
பத்தொன்பது நாள் சூரியன் நடுவில் இருந்தது.
இருபதாம் நாள் மேற்கே நகர்ந்திருந்தது.
மறுநாள் இன்னும் கொஞ்சம்.

நான் எல்லாப் போல்ட்டையும் முறுக்கினேன்.
மெஹர் நாலாயிரம் வரியையும் மறுபடி படித்தாள்.
நீலாயதாட்சி என்னைத் தனியே கூப்பிட்டு,
"உண்மையைச் சொல்லுங்கள், 2 போட்டீர்களா?"
இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

நான்காம் நாள் காலை அஞ்சம்மாள்
மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.
"பின்னால வாய்க்கால்ல தண்ணி வந்து நாலு நாளாவுது.
ஒங்க வயரு நனையுது, எடுக்கமாட்டீங்களா?"

எங்கள் கதவு கிழக்கே. வாய்க்கால் மேற்கே.
மூவரும் ஓடிப்போய்ப் பார்த்தோம்.
மே மாதம் என் ஸ்பேனரை விழுங்கிய வெடிப்பு
மூடியிருந்தது.
களி குடித்துப் பருத்து
தூணை மேற்குப் பக்கமாக ஏந்தியிருந்தது.
சாய்வு, பாகையில் ஆறிலொரு கூறு.
ராஜாக்கள் வாங்கியதாகச் சொல்லும் அதே கணக்கு.
ஆறு தன் பங்கை எடுத்துக்கொண்டது,
நெல்லில் அல்ல, வானத்தில்.

குறிநோக்குச் சமன்பாட்டில் ஏற்கெனவே ஆறு திருத்தங்கள்.
இரும்பின் தொய்வு, அச்சின் கோணல், அப்படி.
மெஹர் ஏழாவதைச் சேர்த்தாள்.
திரையில் ஒரு கட்டம், 'தண்ணீர் வந்த தேதி'.
"இதை நீங்கள்தான் நிரப்பணும்," என்றாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பழைய பட்டைகளையும் நேராக்கலாம், தேதிகள் கிடைத்தால்.
லஸ்கர் பக்கிரிசாமியின் நீர்ப் பதிவேட்டை
மதகடியில் உட்கார்ந்து நகலெடுத்தேன்.
ஜூன் 27. ஜூலை 9. ஆகஸ்ட் 14.
இரண்டு ஆண்டுகளுக்கு எதிரே
தேதி இல்லை, வெறும் கோடு.

அந்த இரண்டு ஆண்டின் வானத்தை எடுத்துப் பார்த்தோம்.
இம்மியும் சாயவில்லை.